பனிக்கு முன்னால் அறுத்த புல்

புல் என்றாலே அம்மாக்கண்ணுவுக்கு ஆகாது. இருபத்தெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் புல்லுவெட்டு வேலையில் மானாப்புல்லோடு மல்லுக்கட்டியவள். வெட்டினாலும் சுரண்டினாலும் தீ வைத்தாலும் பத்தாம் நாள் தலையைக் காட்டுகிற சனியன் அது. அப்பேர்ப்பட்டவளைப் போய், கந்தப்பளைப் பக்கம் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள் புல் வளர்க்க வேலைக்கு வைத்தார்கள்.

இடுப்பு விட்டுப்போனதும் தோட்டத்தில் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். தோட்டத்திலோ பங்களாவிலோ வேலையில் இல்லாதவர்கள் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிற காம்பரா அறையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. மார்ச் வரைக்கும் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறோம் என்று ஹோட்டலில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு காம்பராவுக்காகத்தான் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அழகுக்கென்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புல். கேட்டிலிருந்து படிவரை இரண்டு வரிசை, ஆளுயரம், நுனியில் வெள்ளைக் குஞ்சம். மேற்பார்வை பார்க்கிற ஜீவராஜ் படித்துப் படித்துச் சொன்னான்.

"காஞ்சாலும் தொடாதீங்கக்கா. காஞ்ச தாளுதான் அதுக்குக் கம்பளி. பெப்ரவரி கடைசியில பனி முடியட்டும். குருத்து வர்றதுக்கு முன்னாடி கயித்தால கட்டி, ஒரு சாண் விட்டு வெட்டணும்."

"புல்லுக்குக் கம்பளியா? எனக்கே ஒண்ணு இல்ல தம்பி!" என்று சிரித்தாள்.

டிசம்பரில் வரிசை முழுக்கக் காய்ந்து சாய்ந்தது. நத்தார் பண்டிகைக்கு முதலாளி வருகிறார். ஜீவராஜ் சாமான் வாங்க நுவரெலியாவுக்குப் போயிருந்தான். இந்தக் கோலத்தைப் பார்த்தால் தன்னைச் சோம்பேறி என்று நினைப்பாரே என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அரிவாளைத் தீட்டிக்கொண்டு இறங்கினாள். தரையோடு தரையாக அறுத்து, தாளையெல்லாம் கூட்டி எரித்து, மத்தியானத்துக்குள் இடத்தைத் துடைத்துவிட்டாள். புல்தானே, எங்கே போய்விடும்?

முதலாளி வந்து, "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நுவரெலியாவிலிருந்து திரும்பியிருந்த ஜீவராஜ் மட்டும் குனிந்து மொட்டைத் தூர்களைத் தடவிப் பார்த்தான்.

ஜனவரியில் பனி கொட்டியது. தேயிலைக் கொழுந்தே கருகியது. அதன்பிறகு தினமும் காலையில் வரிசை ஓரமாகக் குந்தி, எங்காவது பச்சை தெரிகிறதா என்று தேடினாள். பெப்ரவரியும் போயிற்று. மார்ச் முதல் வாரம் ஒரு தூரைப் பிடித்து ஆட்டினாள். அழுகிக் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது.

"ஒண்ணாவது வராதா தம்பி?"

"வராதுக்கா." ஜீவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மொதலாளிகிட்ட பேசிப் பாத்தேன். மாசக் கடைசியோட நிக்கச் சொல்லிட்டாரு."

அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இருபத்தெட்டு வருஷம் கொல்லப் பார்த்தும் சாகாத புல், பிழைத்துக்கொள் என்று கும்பிட்ட ஒரே தடவை செத்துத் தொலைந்ததே!

லயத்துக்கு வந்தாள். போன மாதம்தான் வேரோடு கொத்தி எறிந்த வாசல் ஓரத்தில் மானாப்புல் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. பழக்கத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தவள், அப்படியே நிமிர்ந்தாள். கத்தியை மூலையில் போட்டுவிட்டு, பெட்டியை இழுத்துச் சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள். இனி அது வளர்ந்து வாசலையே மூடினாலும் அவளுக்கென்ன?