மதிப்பெண் போட வந்தவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நன்றி சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துத் தரம் போடுகிற ஆய்வாளர் அவர். என் அப்பா இருக்கும் இல்லத்துக்குப் போன வாரம் வந்தார். நாள் முழுக்க இருந்தார். போகும்போது வாசலில் என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார். அது என்ன என்று இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் மீதியைப் படிக்க மாட்டீர்கள். எழுதுகிறவர்களுக்கே உரிய அற்பத்தனம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய அறிக்கை இன்னும் வரவில்லை. நல்லபடியாக வந்தால் என் அம்மாவுக்கும் அங்கே இடம் உறுதி. அப்பாவின் அறையிலேயே இன்னொரு கட்டில் போட்டாயிற்று, இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் விரிப்புகூட விரித்துவிட்டார். குறை எழுதி வந்தால், அதைச் சரிசெய்து மறு ஆய்வு முடியும்வரை புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. மறு ஆய்வு எப்போது என்பது ஆண்டவனுக்கும் அந்த அலுவலகத்துக்கும்தான் வெளிச்சம். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அப்பாவைப் பிரிந்து தனியாக இருக்கிறார்.

கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைவிட எழுதலாமே என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த அதிகாரி காரிலிருந்து இறங்கியதும் இல்லமே நடுநடுங்கி—"

வேண்டாம். யாரும் நடுங்கவில்லை. காரும் இல்லை, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வந்தார்.

இரண்டாவது தொடக்கம்: "அவளுக்கும் ஒரு தாய் இருந்தாள். அந்தத் தாயின் கடைசி நாட்களில் அவள்—"

இதுவும் வேண்டாம். ஒரு பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருந்தே தீர வேண்டுமா என்ன? வேலை தெரியும், செய்கிறார். அவ்வளவுதான்.

மூன்றாவது பரவாயில்லை. அதிலேயே போகலாம்.

3

ஆய்வாளர் அம்மா எந்த இல்லத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தண்ணீர் டம்ளரைத்தான் பார்ப்பார். டம்ளர் இருக்கிறதா என்றல்ல, எந்தப் பக்கம் இருக்கிறது என்று. வலது கை விளங்காதவருக்கு வலப்பக்கம் வைத்தால் அது பார்ப்பதற்குத்தான் தண்ணீர். அடுத்தது குதிகால். படுத்தே கிடப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு போர்வையைக் கால்பக்கம் விலக்கி, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு நாற்காலி மெத்தையில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். சுவரில் மாட்டியிருக்கும் பாராட்டுப் பத்திரங்கள் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்.

அன்று காலை அறை அறையாகப் போனவருக்குக் குறை என்று எதுவும் சிக்கவில்லை. டம்ளர்கள் சரியான கைப்பக்கம் இருந்தன. குதிகால்கள் எண்ணெய் தடவி வழவழவென்று இருந்தன. சமையலறையில் மசித்த சாப்பாடும் மசிக்காத சாப்பாடும் ஆள் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்கள். கூடவே நடந்த மேட்ரனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

(இங்கே ஒரு அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும். அந்த இல்லம் உண்மையிலேயே நல்ல இல்லம். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தபோது அப்பாவால் தலையைத் தூக்க முடியவில்லை. இப்போது இடது கையால் தானே முகச்சவரம் செய்துகொள்கிறார். மீசை ஒரு பக்கம் கோணலாகத்தான் நிற்கிறது. அதை யாரும் திருத்துவதில்லை. அவர் வைத்த மீசை, அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். இதற்கு எந்த அறிக்கையிலும் இடம் இருக்காது. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.)

4

என் அப்பா பேருந்து நடத்துநராக இருந்தவர். இல்லத்தில் எல்லோருக்கும் அவர் "கண்டக்டர்". பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. நாற்காலிக்கு இடப்பக்கம் ஆளைக் கூப்பிடுவதற்கான மணிக்கயிறு தொங்குகிறது. இழுத்தால் தாழ்வாரத்தில் மணி அடிக்கும்.

வந்த புதிதிலேயே அப்பா அந்தக் கயிற்றை அடையாளம் கண்டுகொண்டார். பேருந்தில் ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் புறப்படு. அப்பா இரண்டு அடித்தார். என்னவோ ஏதோ என்று ஓடிவந்தவர்களிடம் இடது கையை முன்னால் வீசிக் காட்டினார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற உதவியாளப் பெண் ஒருத்தி உண்டு, சிரிப்பு சிஸ்டர் என்றே பெயராகிவிட்டது. அவள்தான் பிடித்துக்கொண்டாள். "ரைட், போலாம்" என்று தாழ்வாரம் அதிரக் குரல் கொடுத்தாள். அப்பா சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அதுதான் அவருடைய முதல் சிரிப்பு. அதற்காக மட்டுமே அந்தப் பெண்ணுக்கு நான் ஏழு பிறவி கடன்பட்டவள்.

அன்றிலிருந்து அது அப்பா இருக்கும் மாடியின் வழக்கமாகிவிட்டது. இரண்டு மணி கேட்டால் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கிருந்தே "ரைட், போலாம்." பக்கத்து அறைத் தையல்காரர் தன் பங்குக்கு, "உள்ள போங்கப்பா, படியில நிக்காதீங்க" என்பார். ஒரு மணி கேட்டால்தான் ஓடுவார்கள். ஏதாவது வேண்டுமென்றால் கண்டக்டர் ஒன்றுதான் அடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

காலைச் சுற்றிலேயே ஆய்வாளர் அம்மா இதைக் கேட்டுவிட்டார்.

"மணி அடிச்சுது. யாரும் போகலையே?"

"அது நம்ம கண்டக்டர், மேடம்" என்றார் மேட்ரன். "ரெண்டு அடிச்சா விளையாட்டு. பஸ் கெளம்புதுன்னு அர்த்தம்."

"யாருக்கு விளையாட்டு?"

"அவருக்கும்தான், எங்களுக்கும்தான்."

ஆய்வாளர் அம்மா எட்டிப் பார்த்தார். அப்பா இன்னொரு முறை இரண்டு அடித்துவிட்டு, கோணல் மீசைக்குக் கீழே வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். பார்த்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.*

* சிரித்தாரா என்று சிரிப்பு சிஸ்டரிடம் கேட்டேன். "தெரியலக்கா, அந்தப் பக்கம் திரும்பி நின்னாங்க" என்றாள். திரும்பி நின்றவர் சிரித்தார் என்று எழுத எனக்கு உரிமை உண்டு.

5

எல்லோருக்கும் சாப்பாடு ஊட்டி முடிக்கும்வரை உடனிருந்து பார்த்த ஆய்வாளர் அம்மா, அதன் பிறகு திரும்பவும் அப்பாவின் அறைக்கு வந்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏன் வந்தார்? இங்கேதான் இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. சந்தேகமா? அப்பாவைப் பிடித்துப்போயிற்றா? கால் வலியா? நானும் நாலைந்து காரணம் எழுதிப் பார்த்தேன், எல்லாமே ஒட்டவைத்த மாதிரி இருந்தன. ஒரு விஷயம் விளையாட்டு என்று யாராவது சொன்னால் அதை இன்னொரு தடவை பார்க்காமல் போவதில்லை என்பது அவர் பழக்கம். இப்படி வைத்துக்கொள்வோம்.

சாப்பிட்ட களைப்பில் அப்பாவின் கண் சொருகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் விழித்தார், கயிற்றை இழுத்தார். இரண்டு மணி.

"ரைட், போலாம்." சிரிப்பு சிஸ்டரின் குரல் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது.

"படியில நிக்காதீங்க" என்றார் தையல்காரர்.

அப்பா சிரிக்கவில்லை. கதவையே பார்த்தார். மறுபடி இழுத்தார். மறுபடி இரண்டு மணி, மறுபடி அதே பதில்.

இந்த முறை ஆய்வாளர் அம்மா காதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். கை கயிற்றை இழுத்தது ஒரே ஒரு தடவைதான். விடும்போது களைப்பில் விரல்கள் நடுங்க, கயிறு தானாக இன்னொரு தடவை இழுபட்டது. விட்ட கை வேட்டி முடிச்சைத் தேடிப் போனது. காலையில் அப்படி இல்லை. அப்போது இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து, பதில் வருவதற்கு முன்பே சிரிக்கத் தயாராக இருந்தார்.

ஆய்வாளர் அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். குரலை உயர்த்தவில்லை.

"சிஸ்டர், இங்க வாங்க. அவருக்கு பாத்ரூம் போகணும்."

வந்தாள். நேரம் கடந்திருந்தது, மெத்தை நனைந்திருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லாததை அந்த மாடி அன்றுதான் பார்த்தது. ஆய்வாளர் அம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு, "மன்னிச்சிருங்க கண்டக்டர், மன்னிச்சிருங்க" என்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

(இதையெல்லாம் எனக்குச் சொன்னதே சிரிப்பு சிஸ்டர்தான். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. மறைத்திருந்தால் எனக்கு என்ன தெரியப்போகிறது?)

வெளியே வந்தவள் சொன்னாள்: "மேடம், இது இன்னிக்கு மட்டும் இல்ல. சாயங்காலம் மாத்தும்போது நிறைய நாள் ஈரமா இருக்கும். வயசானா அப்படித்தானேன்னு நெனச்சுட்டோம்."

"நீங்க அலட்சியமா இருந்திருந்தா எனக்கு வேலை சுலபம்மா" என்றார் ஆய்வாளர் அம்மா. "பாசமா இருந்ததாலதான் இது யார் கண்ணுலயும் படல."

சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். கண்டக்டரின் மகள் என்று மேட்ரன் சொன்னதும் நின்றார். "மத்தியானத்துக்கு மேல உங்கப்பா அடிக்கற ரெண்டும் ஒண்ணுதான்மா. காதால கேக்காதீங்க, கையப் பாருங்க." அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டார். நன்றி என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

6

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன.

(அ) ஆய்வாளர் அம்மா எழுதவில்லை. வாயால் சொன்னார், அவர்களும் திருந்திவிட்டார்கள், போதாதா? அம்மா பெட்டியோடு வந்து இறங்குகிறார். அப்பாவின் முகம்— இதற்கு மேல் எழுதினால் எனக்கே அழுகை வருகிறது. ஆனால் எழுதாமல் விட்டது எத்தனை நாளைக்கு நிற்கும்? சிரிப்பு சிஸ்டர் விடுப்பில் போனால்? புதிதாக ஒருத்தி வந்து, பழையவர்களிடமிருந்து "ரைட், போலாம்" மட்டும் கற்றுக்கொண்டால்?

(ஆ) எழுதுகிறார். மாடி முழுக்க வழக்கம் மாறுகிறது, எந்த மணிக்கும் ஆள் வருகிறது. அப்பா உலர்ந்திருக்கிறார். பக்கத்துக் கட்டில் காலியாகவே இருக்கிறது.

(இ) எழுதுகிறார், ஆனால் மறு வாரமே மறு ஆய்வு நடந்து, எல்லாம் சுபமாக— எந்த அலுவலகத்திலும் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மனதைத் தொட்டுச் சொன்னால் எனக்கு (அ) வேண்டும். பேனா என் கையில்தானே இருக்கிறது? ஆனால் நான் (அ)வை எழுதும்போதெல்லாம் ஆய்வாளர் அம்மா தாளிலிருந்து எழுந்து வெளியே போய்விடுகிறார்.

7

வேறு வழி தெரியாமல், எழுதியவரை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எழுதட்டும்" என்றார்.

"எழுதினா உன்னால அங்க போக முடியாதும்மா."

"அதையும்தான் படிச்சியே. எனக்குக் காது நல்லாவே கேக்குது."

"எப்ப இடம் கெடைக்கும்னு சொல்ல முடியாது. கெடைக்காமலே..."

"ஏண்டி, அந்த மனுஷன் ஈரத்துல உக்காந்துட்டு கூப்பிட்டிருக்கார். பக்கத்துக் கட்டில்ல நான் இருந்திருந்தா நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேன். இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்கே தெரிஞ்சிருக்காது. ஒரு நாள் வந்த பொண்ணு பாத்துச் சொல்லியிருக்கா. அவகிட்ட போய் எழுதாதேன்னு சொல்லுவியா நீ?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த சிஸ்டர் பொண்ணையும் ஒண்ணும் சொல்லிடக் கூடாது. அவரை சிரிக்க வெச்சவ அவதான். அதையும் சேர்த்து எழுதச் சொல்லு."

"நான் சொல்லி அவங்க எழுத மாட்டாங்கம்மா. இது கதை."

"கதைதானே? அப்ப இதைச் சொல்லு. அந்த அம்மா சாப்பிட்டாளா?"

"எந்த அம்மா?"

"மதிப்பெண் போட வந்தவதான். காலையிலேருந்து எல்லார் வாயும் வயிறும் பாத்துட்டு நிக்கறா. ஒரு வாய் சாப்பிட்டான்னு நீ எழுதவே இல்லையே. எழுத்தாளராம்."

8

சாப்பாட்டுக் கூடம் காலியாக இருக்கிறது. கண்டக்டருக்கு உடை மாற்றி உட்காரவைத்துவிட்டு வந்த சிரிப்பு சிஸ்டர், ஒரு தட்டை எடுத்துக் கழுவித் துடைத்து ஆய்வாளர் அம்மாவின் முன்னால் வைக்கிறாள்.

"நீங்க சாப்டீங்களா?" என்கிறார் ஆய்வாளர் அம்மா.

"இல்ல மேடம். எறங்கல."

"உக்காருங்க. இன்னொரு தட்டு எடுத்துட்டு வாங்க."

யாருடைய குறையை எழுத வேண்டுமோ அவளும், எழுத வேண்டியவரும் எதிரெதிரே உட்கார்கிறார்கள். எழுதும் தாள்கள் பைக்குள் இருக்கின்றன. பை நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. சிஸ்டர் முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறாள். ஆய்வாளர் அம்மா அவள் அழுது முடிக்கும்வரை தானும் சாப்பிடாமல் காத்திருக்கிறார்.

என்ன எழுதினார், அம்மாவுக்கு இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். அவசரம் என்றால் நீங்களே ஒரு முடிவை எழுதிக்கொள்ளுங்கள், என் அம்மாவின் பதிலை மட்டும் கணக்கில் வையுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எழுப்பி எழுதச் சொல்ல நான் தயாரில்லை. அவருடைய தட்டு பாதி காலியாகிவிட்டது. போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைக்கிறார், நான் கேட்பதாக இல்லை, இன்னும் ஒரு கரண்டி போடுகிறேன்.