சர்க்கரைக் குப்பி

மேசைக்காலில் முதல் எறும்பு ஏறியதை முகிலன் பார்த்துவிட்டான். பார்த்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. எதிரே வெரோனிகா மேடம் உட்கார்ந்திருந்தார். ஆய்வுத் திட்டங்களைத் தொடரலாமா, மூடலாமா என்று முடிவு சொல்லும் குழுவின் தலைவி. காலையிலேயே இரண்டு திட்டங்களை மூடிவிட்டு வந்திருந்தார். முகத்தில் களைப்பே இல்லை.

மூன்றாவது முகிலனுடையது. குடிதண்ணீரில் சாக்கடைக் கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவி. இன்று தேறினால் முதலியார்பேட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். தேறாவிட்டால் பக்கத்து அறை. அங்கே ஏற்கனவே நாலைந்து கருவிகள் துணி போர்த்திப் படுத்திருந்தன.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க தம்பி."

"கண்ணாடி மேல மெல்லிசா தங்கம் பூசியிருக்கு மேடம். கீழேருந்து லேசர் அடிச்சா, ஒரு கோணத்துல மட்டும் தங்கம் வெளிச்சத்த முழுங்கிடும். தங்கத்து மேல எதனா வந்து ஒட்டுனா அந்தக் கோணம் நகந்துடும். நகந்தா ஸ்கிரீன்ல கோடு ஏறும்."

"ஒட்டுனது கிருமிதான்னு எப்பிடித் தெரியும்?"

"அந்தக் கிருமிய மட்டும் புடிக்கிற ஆன்டிபாடிய தங்கத்து மேல நட்டு வெச்சிருக்கோம்."

இதுவரை உண்மை. உண்மை முடிகிற இடத்தில், மேசை ஓரத்தில், 'கிருமி' என்று எழுதிய சின்னக் குப்பி நின்றது. உள்ளே சர்க்கரைத் தண்ணீர்.

கலக்கியது அவனுடைய வழிகாட்டி, பேராசிரியர் கலியமூர்த்தி. செத்த கிருமி கலந்த அசல் குப்பியைப் போட்டால் கோடு நகக்கண் உயரம்தான் ஏறியது. "இத வெச்சிக்கினு நான் என்னத்தடா காட்டறது?" என்று டீக்கு வாங்கிய சர்க்கரையில் கைவைத்தார். தண்ணீர் அடர்த்தியானாலும் கோடு ஏறும் என்பது அவர் நடத்திய பாடம். கழுவினால் சர்க்கரை போய்விடும், கோடு இறங்கிவிடும். ஒட்டிய கிருமி போகாது, கோடு நிற்கும் என்பதும் அவர் நடத்தியதுதான். "கழுவறதுக்குள்ள அந்தம்மாவ டீக்கு அழைச்சிக்கினு போயிடலாம்," என்றார். முகிலன் அசல் குப்பியை மட்டும் மேசை இழுப்பறைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டான்.

இப்போது சர்க்கரைக் குப்பியிலிருந்து ஒரு சொட்டை உள்ளே விட்டான். கோடு தீபாவளி ராக்கெட் மாதிரி கிளம்பியது.

"பாத்தீங்களா மேடம்!" என்றார் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர். "வாங்க, டீ..."

மேடம் எழுந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தார். "இதப் போடுங்க. நான் குடிக்கிறதும் தெரியட்டுமே."

முகிலன் போட்டான். கோடு இன்னும் மேலே ஏறியது.

"பாதி பாட்டில் குடிச்சிட்டேனே," என்றார் மேடம்.

"மெஷின்ல ஏதோ கோளாறு மேடம்," என்றார் பேராசிரியர் அவசரமாக.

கோளாறு என்றால் கருவி பக்கத்து அறைக்குப் போகும். கோளாறு இல்லை என்றால் மேடம் ஆஸ்பத்திரிக்குப் போவார். முகிலன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான்.

"மேடம், இதுல குளுக்கோஸ் கலந்திருக்கீங்களா?"

பேராசிரியரின் ஷூ அவன் கால்மேல் ஏறி உட்கார்ந்தது.

"ஆமா, வெயிலுக்கு. உனக்கெப்பிடித் தெரியும்?"

அவன் பார்வை மேசைக்குப் போயிற்று. மேடத்தின் பார்வையும் பின்னாலேயே போயிற்று. மேலே வந்துவிட்ட எறும்புகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து, ஒன்று பாட்டிலை நோக்கியும் ஒன்று 'கிருமி'யை நோக்கியும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. சர்க்கரையைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு லேசரும் வேண்டாம், தங்கமும் வேண்டாம்.

மேடம் குனிந்து பார்த்தார். "கிருமிய எறும்பு திங்குமா சார்?"

"சில வகை... திங்கும் மேடம்."

மிதிபட்ட காலை எடுக்காமலே முகிலன் கையை நீட்டி இழுப்பறையைத் திறந்தான். "கழுவிட்டு இதப் போடறேன் மேடம். இதுதான் கிருமி. கொஞ்சம்தான் ஏறும். ஆனா கழுவுனாலும் நிக்கணும்."

"டேய்," என்றார் பேராசிரியர், உதடு அசையாமல்.

கழுவியதும் கோடு தரைக்கு வந்தது. அசல் குப்பிச் சொட்டைப் போட்டான். ஏறியது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் மேடம். இப்பக் கழுவறேன்."

பம்ப் ஓடியது. இத்தனை சர்க்கரை குடித்த பிறகு ஆன்டிபாடி வேலை செய்யுமா என்று அவனுக்கே தெரியாது. கோடு இறங்கியது. இன்னும் இறங்கியது. பாதியில் நின்றது. பம்ப் ஓடி ஓய்ந்த பிறகும் அங்கேயே நின்றது.

மேடம் கோட்டைப் பார்த்தார். பிறகு அசல் குப்பியைப் பார்த்தார். அதை எந்த எறும்பும் சீண்டவில்லை.

"இது ஓடட்டும். தொட்டிக்கு நானே வரேன்," என்று எழுந்தார். "இனிமே குப்பியெல்லாம் தம்பி கையில இருக்கட்டும். சார் தொட வேணாம். பாட்டிலையும் நீயே வெச்சிக்கப்பா, எறும்பு புகுந்துடுச்சு."

எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் முகிலன் நினைத்தான். பேராசிரியரின் ஷூ இன்னும் இறங்கவில்லை.