ஜெராம் வீட்டுச் சுவர்

கோலா சிலாங்கூர் வீட்டின் அடுப்படியை நீட்டிக் கட்ட ஆள் தேடிய லீலாவதி, வந்த குத்தகைக்காரர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டாள்: "நீங்க கட்டுன வீட்டக் காட்டுங்க." இரண்டு பேர் அதோடு தலைகாட்டவில்லை. மூன்றாமவரான அங்கமுத்து அவளைப் பக்கத்து ஊரான ஜெராமுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு வீட்டின் அடுப்படிச் சுவர், கை நுழையும் அளவுக்குப் பிளந்து சாய்ந்திருந்தது.

"நான் கட்டுனதுதாம்மா. களிமண்ணு தரை. அடியில பாக்காவ் மரத்த முளையா அடிச்சு எறக்காம சுவர எழுப்பிட்டேன். இத மறைச்சிட்டு ஒங்க வீட்டுல கைவைக்க மனசு வரல."

வாசலுக்கு வந்த பெண் அவரைக் கண்டதும் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"எங்க அக்கா. ஆறு வருசமாப் பேச்சில்ல."

லீலாவதி சுவரின் பிளவில் கைவைத்துப் பார்த்தாள்.

"வேலை ஒங்களுக்குத்தாண்ணே. ஆனா மொத மரத்த இங்க எறக்குங்க. என் அடுப்படி காத்திருக்கும்லா."