ஏரலில் இறங்கியவன்

படகுக்கு மாற்று மோட்டார் கொச்சியிலிருந்து வந்து சேர நான்கு நாள் ஆகும் என்று தெரிந்ததும், ரோச் ஜெயகணேஷைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஏரலுக்குப் போயிட்டு வந்திருவோம்" என்றார்.

ரோச்சுக்கு ஐம்பத்துமூன்று வயது. முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் ஓடியவர். இப்போது பிறருடைய பாய்ப்படகுகளை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பது அவர் தொழில். இந்தப் படகு தாய்லாந்தின் புக்கெட்டில் கிளம்பியது. ஓமானில் சலாலாவில் சேர்க்க வேண்டும். வழியில், படகைத் தானாகத் திசை பிடித்து ஓட்டும் கருவியின் மோட்டார் எரிந்துபோனதால், பாதித் தூரம் கையாலேயே சுக்கான் பிடித்துத் தூத்துக்குடிக்கு வந்திருந்தார்கள்.

படகில் மூன்று பேர். ரோச்சுக்கும் புதிதாகச் சேர்ந்த ஷெர்லினுக்கும் தூத்துக்குடியே சொந்த ஊர் என்பதால் வந்த அன்றே வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜெயகணேஷ் மட்டும் படகிலேயே கிடந்தான். அவன் வீடு முப்பது கிலோமீட்டரில்தான் இருந்தது.

"போன்ல பேசிட்டேன் அண்ணாச்சி. போகணும்னு இல்ல."

"இங்கன வரைக்கும் வந்துட்டு அம்மையைப் பாக்காம எப்படிலே போவ? காலையில கார் கொண்டாரேன். ஷெர்லினும் வரட்டும். சாயந்திரம் திரும்பிரலாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருச்செந்தூர் சாலையில் உப்பளங்களைத் தாண்டி, முக்காணியில் மேற்கே திரும்பியதும் இருபுறமும் வாழை. ரோச் வண்டி ஓட்டிக்கொண்டே, வாங்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு வாழைத்தார், ஒன்று பழுத்தது, ஒன்று காய். கருப்பட்டி. எலுமிச்சை. பின் இருக்கையில் ஷெர்லின் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். இடது இடுப்பில் இன்னும் வலி இருந்தது. ஜெயகணேஷ் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய அம்மா செண்பகம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் வீடு. கோழிக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது ரோச் அந்தக் கதையைச் சொன்னார்.

"கேளுங்கம்மா. வங்காள விரிகுடா. சாயந்திரம் நாலு மணி. நான் கீழ படுத்திருக்கேன். காத்து திடீர்னு திரும்பி, பாய்க்கட்டை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வீசி அடிச்சிட்டு. இந்தப் பிள்ளை மேல பட்டு, அப்படியே வெளிய போயிட்டா. படகோட சேத்து இடுப்புல வார் மாட்டியிருந்ததால தொங்கிக்கிட்டுக் கெடக்கா. ஒத்தை ஆளா உங்க மவன்தான் தூக்கி உள்ள போட்டான். நான் மேல வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

செண்பகம் மகனைப் பார்த்தாள். பிறகு ஷெர்லினின் இலையில் இன்னொரு துண்டு வைத்தாள். ஜெயகணேஷ் பாதியிலேயே எழுந்து கை கழுவப் போனான்.

ரோச் காரை எடுத்துக்கொண்டு சாமான் வாங்கப் போனதும், ஷெர்லின் அவனோடு ஆற்றங்கரைக்கு நடந்தாள். தாமிரபரணியில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடியது. அக்கரையில் யாரோ மாடு குளிப்பாட்டினார்கள். படித்துறையில் உட்கார்ந்ததும் அவன் சொன்னான்.

"அன்னைக்குக் காத்து திரும்பல. நான் தூங்கிட்டேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"சுக்கானைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டேன். படகு தலை விலகி, காத்து மறுபக்கம் பிடிச்சிட்டு. கட்டை அடிச்ச சத்தத்துலதான் முழிச்சேன். பாக்கேன், உன்னைக் காணோம்."

ஷெர்லின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரில் தொங்கியபோது ஒவ்வொரு அலையும் தலைக்கு மேல் போனது அவளுக்கு நினைவில் இருந்தது. நாலைந்து நிமிஷம் இருக்கும். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"இத்தனை நாளா ஏன் சொல்லல அண்ணே?"

"காத்து திரும்பிட்டோன்னு அண்ணாச்சிதான் கேட்டார். ஆமான்னுட்டேன். உடனே முதுகுல தட்டிக் கொடுத்துட்டார். அப்புறம் வாய் வரல." பிறகு சொன்னான்: "நான் இனி வரல ஷெர்லின். சுக்கானைப் பிடிக்க என்னால ஆகாது. இங்கன வந்தா திரும்பிப் போக மாட்டேன்னு தெரிஞ்சுதான் வரமாட்டேன்னேன்."

அவன் இன்னொன்றும் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். சொல்லவில்லை. விபத்துக்கு முந்தைய இரண்டு நாள் அவள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தாள்; அன்றுதான் கொஞ்சம் தேறி மேலே வந்திருந்தாள். இதுதான் அவளுக்கு முதல் நீண்ட பயணம். தெரிந்தால் ரோச் தன்னை இறக்கிவிடுவார் என்று பயந்து, அவரிடம் மறைத்தாள். அவள் முறை வந்தபோதெல்லாம் சுக்கான் பிடித்தவன் ஜெயகணேஷ்தான். இரண்டு நாளும் தூங்கியது அவள்.

கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது ரோச் வாழைத்தார்களைக் காரின் பின்பக்கம் சாக்கு விரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஜெயகணேஷ் தான் தூங்கியதைச் சொன்னான். அவன் முடித்ததும் ஷெர்லின் தன்னுடையதைச் சொன்னாள். கடைவாசலில் நின்று செண்பகமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரோச் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார்.

"தூங்குனது ஒடம்பு செஞ்ச தப்பு. மறைச்சது நீங்க ரெண்டு பேரும் செஞ்சது" என்றார் கடைசியில். "தூக்கப் போன அவனும் விழுந்திருந்தா ரெண்டு உசுரு போயிருக்கும். நான் கீழ குறட்டை விட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

அவர் ஜெயகணேஷ் பக்கம் திரும்பினார்.

"இப்ப என்னலே சொல்லுத?"

"வரல அண்ணாச்சி."

"பயமா?"

"ஆமா."

ரோச் தலையாட்டினார். அவர் அவனை வற்புறுத்தவில்லை. "பையை நாளைக்கு யார்கிட்டயாவது குடுத்து விடுதேன். பாஸ்போர்ட் எங்க வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார்.

செண்பகம் காருக்கு அருகில் வந்து ஷெர்லினின் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று ஷெர்லின் நினைத்தாள். அவள், "இடுப்புக்கு ஒத்தடம் குடு ஏளா" என்றாள்.

திரும்பும் வழியில் ஷெர்லின் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். முக்காணி வந்தபோது கேட்டாள்: "நானும் இறங்கிக்கிடணுமா கேப்டன்?"

பழைய காயல் தாண்டியதும் அவர் கேட்டார்.

"மறுபடி முடியாமப் போனா என்கிட்ட சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"அந்த நிமிஷமே?"

"அந்த நிமிஷமே."

"சரி. நீ வா. நானும் ஒருநாள் கூட உன் மூஞ்சியப் பாக்கல. முறை பாக்க மூணு பேர் இருக்கோம்னே நெனச்சுட்டேன்."

மோட்டார் புதன்கிழமை வந்தது. ஜெயகணேஷுக்குப் பதிலாக, மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய்வந்துகொண்டிருந்த அமலன் சேர்ந்தான். வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். மினிக்காய் தீவைத் தாண்டியதும் ஒருநாள் ஷெர்லினால் நிற்க முடியவில்லை. சொன்னாள். ரோச் முறைகளை மாற்றி எழுதினார், அமலன் முணுமுணுத்தான்.

பதினாறாம் நாள் சலாலா. அங்கிருந்து அவள் ஜெயகணேஷுக்குப் போன் செய்தாள். கடையில் இருந்தான். பின்னால் பாத்திரங்களின் சத்தம் கேட்டது.

"கடல் எப்படி இருந்துச்சு?" என்றான்.

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. அடுத்து ஜூன்ல மலேசியாவுக்கு ஒண்ணு இருக்காம். கேப்டன் உங்ககிட்ட கேக்கச் சொன்னார்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஜூன்ல வேண்டாம்" என்றான். பிறகு, யாரோ குடம் கேட்கிறார்கள் என்று போனை வைத்தான்.