ஒரு சொட்டு விஷம்

காலை ஏழே கால். ஆய்வகத்தின் குலுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குடுவையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். முந்தாநாள் இருந்த அதே மஞ்சள்.

மாமியார் வீட்டு அடிபம்பில் பிடித்த தண்ணீர் அது. தோல் ஆலையை மூடிப் பல வருடமாகியும், அதன் குரோமியம் மண்ணுக்குள் இறங்கித் தெருவின் நிலத்தடி நீரையே மஞ்சளாக்கியிருந்தது. அந்த ஆலையின் சாக்கடைச் சேற்றிலிருந்துதான் அவன் மனைவி ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். கரைந்திருக்கும் விஷத்தை அது கரையாத தூளாக்கி அடியில் படிய வைத்துவிடும். இரண்டே நாளில் தண்ணீர் தெளியும். அம்மா வீட்டில்தான் முதலில் விடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நோய் அவளை அதுவரை விட்டுவைக்கவில்லை.

அவள் இறந்த மாதமே மின்சாரம் நின்று, உறைபெட்டியில் அவள் சேமித்திருந்த பாக்டீரியாவெல்லாம் உருகிக் கெட்டது. பிழைத்தது ஒரே ஒரு சோதனைக் குழாய். அவள் ஆய்வு செய்த அதே ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்த அவன் அதை எடுத்துக்கொண்டான். வாராவாரம் புதுக் குழாய்க்கு மாற்றினான். விடுமுறையிலும் வந்தான். முந்தாநாள்தான் அதை இந்தத் தண்ணீரில் விட்டிருந்தான்.

"அண்ணன் தன் பிள்ளைக்குப் பால் குடுக்கறாரு. இப்பக் கூப்பிட்டா கடிச்சு வச்சிடுவாரு" என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். அவனும் சிரித்தான்.

அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை பின்னால் வந்து நின்று குடுவையைப் பார்த்தார்.

"மாத்தும்போதெல்லாம் குரோமியம் விட்டீங்கல்ல? அவ விடுவாளே, ஒரு சொட்டு."

"முதல் தடவை விட்டேன் மேடம். பாதிக்கு மேல செத்துப்போச்சு. பாத்துக்கிட்டு நிக்க முடியல. அப்புறம் வெறும் சத்துநீர்தான்."

மேடம் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"விஷம் இருந்தாத்தான் அதுக்கு அந்த வித்தை தேவை. இல்லேன்னா தலைமுறைக்குத் தலைமுறை உதறிடும். இது உயிரோட இருக்குப்பா. ஆனா அவ கண்டுபிடிச்சது இது இல்ல."

"மறுபடியும் அந்தச் சேத்துல தேடினா?"

"அங்க கான்கிரீட் போட்டாச்சு."

இதே மேஜையில் சொட்டு விடும்போது அவள் குழாயைப் பார்த்துச் சொல்வாள்: "ரொம்பச் செல்லம் குடுத்தா நீ உருப்பட மாட்டே." விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

குடுவையை மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தான். தெளிந்த தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமென்று முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட மாமியார், நடைவழி பெஞ்சில் இருந்தார். மடியில் கழுவித் துடைத்த கண்ணாடி பாட்டில். அவன் வெறுங்கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, தண்ணி தெளியலையா? அவ வச்சிட்டுப் போனது அது ஒண்ணுதானே. நல்லா ஊட்டித்தானே வளத்தீங்க?"