பழைய பிளாக்கில் வகுப்பு உண்டு

முப்பது வயதைத் தாண்டி எம்.ஏ. வரலாறு படிக்கச் சேர்ந்த விஜயலட்சுமியை உப்பளத்தில் கேலி செய்யாதவர்கள் இல்லை. "கலெக்டராவப் போறியா?" என்று கேட்டால், "ஆயிட்டா மொதல் நோட்டீஸ் உனக்குத்தான்" என்பாள். விடியற்காலையில் உப்பு வாரி முடித்துக் கால் கழுவிக்கொண்டு வகுப்புக்கு ஓடுவாள். கல்லூரி நடக்கிற தூரத்தில் இருந்ததால்தான் அவளால் படிக்கவே முடிந்தது.

அந்த முதுகலைக் கல்லூரிக்கு இரண்டு கட்டடங்கள். ரோட்டைப் பார்த்த புது பிளாக்கில் ஆபீஸும் கம்ப்யூட்டர் லேபும் இருந்தன. பின்னால் கடலைப் பார்த்து நின்றது பழைய பிளாக். வெள்ளைக்காரன் காலத்தில் உப்பைப் பூட்டிவைக்கக் கட்டிய கிடங்கு அது. அவன் போன பிறகு அதில் பள்ளிக்கூடம் நடந்தது. புயலடித்தால் ஊரே அதற்குள் ஒண்டிக்கொண்டது. கடைசியில் ஒரு டிரஸ்ட் எடுத்துக் கல்லூரியாக்கியது. சுனாமி வந்தபோது சிறுமியாயிருந்த விஜயலட்சுமி, அம்மாவோடு ஈரப் பாவாடையுடன் படுத்துக் கிடந்த கூடம்தான் இப்போது வரலாற்று வகுப்பு. தன் ஆய்வுக் கட்டுரைக்கு அந்தக் கட்டடத்தையே எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வருடம் தொடங்கியதும் டிரஸ்ட் செயலாளர் சுப்ராயன் மாணவர்களைக் கூப்பிட்டார். "பழைய பிளாக் ஆபத்தா இருக்குது. உங்க டிபார்ட்மென்ட்ட திண்டிவனத்துல இருக்கற நம்ம இன்னொரு காலேஜுக்கு மாத்தறோம். பஸ் இருக்குது, போய்ப் படிங்க."

அந்த இடத்தில் ரிசார்ட் வரப்போவது ஈ.சி.ஆர். டீக்கடைகளுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

"திண்டிவனம் போனா நான் எப்ப சார் உப்பு வார்றது?" என்று எழுந்தாள் விஜயலட்சுமி.

"அப்ப உப்பே வாரும்மா. உனக்கெதுக்கு எம்.ஏ.?"

அவளுக்குச் சுருக்கென்றது. "ரெண்டும் செய்வேன் சார். இங்கயேதான் செய்வேன்."

மறுநாள் பழைய பிளாக்கில் பெஞ்சுகள் இல்லை. அடுத்த வாரம் மின்விசிறிகள் போயின. அப்புறம் கரண்டே போனது. பாதிப் பேர் திண்டிவனத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். தற்காலிக வேலையில் இருந்த பேராசிரியர் அந்தோணிராஜ் கையைப் பிசைந்தார். "எனக்கு வேல போயிடும்மா."

"நீங்க வர வேணாம் சார். நாங்களே படிச்சிக்கிறோம்."

வாரக் கடைசிவரை வராமல் தாக்குப்பிடித்தவர், திங்கட்கிழமை சாக்பீஸ் டப்பாவோடு வந்து நின்றார்.

அதே உப்பளத்தில் வேலை செய்யும் அவள் கணவன் சகாதேவன் ஒரு சாயங்காலம், "மொதலாளி கூப்ட்டு, உன் பொண்டாட்டி இன்னா தகராறு பண்றாளாமேன்னு கேட்டாரு" என்றான்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"படிக்கிறா சார்னு சொன்னேன்."

காலையில் அவனே உப்புக் குவியலை மூடும் பழைய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்துவிட்டுப் போனான்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வரும் செய்தியை அந்தோணிராஜ்தான் ரகசியமாகச் சொன்னார். ஆள் யாரும் வருவதில்லை என்று காட்டிவிட்டால் துறையை மூட அனுமதி கிடைத்துவிடும். அதற்காகவே ஆபீஸ் அன்றைக்கு விடுமுறை என்று அறிவித்திருந்தது.

"நாளைக்கு கேட்ட பூட்டிடுவாங்கக்கா" என்றாள் பூவிழி, உடன் படிக்கும் பெண்.

"பூட்டட்டும். கடல் பக்கம் ஏது கேட்டு?"

உப்பளத்து வரப்பு வழியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

"யாரும் வர்றதில்லைங்க மேடம், காலியாத்தான் கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே சுப்ராயன் கதவைத் தள்ளினார். உள்ளே விஜயலட்சுமி நின்று தன் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. குழுவுக்குத் தலைமையேற்று வந்த அம்மாள் வாசலிலேயே நின்று முழுக்கக் கேட்டார். பிறகு உதிர்ந்திருந்த சுவரைக் காட்டினார்.

"இதுக்குள்ள உக்கார பயமா இல்லையாம்மா?"

"பயந்தான் மேடம். ரிப்பேர் பண்ணாம வருஷக்கணக்கா விட்டுட்டு, ரிப்பேராயிடுச்சு, மூடறேன்னா எப்படி? கட்டடத்த சரி பண்ணச் சொல்லுங்க. எங்கள ஏன் மாத்தறீங்க?"

சுப்ராயன் எதையோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் கையமர்த்தினார்.

துறையை மூட அனுமதி கிடைக்கவில்லை. பழைய பிளாக்கைச் செப்பனிட உத்தரவு வந்தது. ஆத்திரத்தில் சுப்ராயன், மன்னிப்புக் கேட்டால்தான் ஹால் டிக்கெட் என்று விஜயலட்சுமிக்கு மட்டும் தராமல் நிறுத்திவைத்தார்.

"நான் வகுப்புக்கு வந்தேன் சார். அதுக்கு எந்த ஊர்ல மன்னிப்புக் கேக்கறாங்க?" என்றவள், அன்றே பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அந்த அம்மாள் அறை வாசலில் காத்துக் கிடந்து, ஹால் டிக்கெட்டோடுதான் திரும்பினாள்.

பரீட்சை பழைய பிளாக்கில்தான் நடந்தது. வெளியே சாரம் கட்டி ஆட்கள் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். விடைத்தாளில் சுண்ணாம்புத் தூள் விழுந்தபடி இருந்தது. விஜயலட்சுமி அதை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.