சாப்பாடு சரியில்லாத பள்ளி

"ஊரே ஏரிக்கரை ஸ்கூலுக்கு ஓடுது. நீங்க மட்டும் ஏங்க்கா அந்த மில்லு ஸ்கூலப் புடிச்சித் தொங்கறீங்க?"

ருக்மிணி கேட்டதற்குத் தமயந்தியிடம் பதில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் வீடு போய்விடும்.

அவள் மகள் யசோதரா அஞ்சாவது முடித்துவிட்டாள். கன்னட நாட்டுச் சந்தாபுராவில் அவர்கள் தெருவிலிருக்கும் சின்னப் பள்ளி அதோடு சரி. ஆறாவதுக்கு இரண்டு அரசாங்க மிடில் ஸ்கூல்கள். ஒன்று பழைய மாவு மில்லுக்குப் பக்கத்தில், நடந்தே போய்விடலாம். இன்னொன்று ஹைவேயைத் தாண்டி ஏரிக்கரையில். கத்தரிக்காய் வாங்கினால்கூடப் புரட்டிப் பார்க்கிறவள் தமயந்தி; பள்ளியைச் சும்மா விடுவாளா? இரண்டுக்கும் போய் வந்தாள்.

மில் பள்ளியில் கணக்கு டீச்சர் பள்ளி விட்ட பிறகும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார். பெண் பிள்ளைகள் கக்கூஸில் தாழ்ப்பாளும் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது. ஏரிக்கரைப் பள்ளியில் கக்கூஸுக்குக் கதவே இல்லை. இடம் பத்தாமல் பாதி வகுப்பு வராந்தாவில் நடக்கிறது. ஆனால் சுவரில் அழகாக ரயில் பெட்டி வரைந்திருந்தார்கள். அந்த ரயிலில் ஏறத்தான் தெருவே முண்டியடித்துக்கொண்டிருந்தது.

"மில்லு ஸ்கூலுக்கு என்ன கொறச்சல் ருக்மிணி?"

ருக்மிணி குரலைத் தாழ்த்தினாள். "மத்தியான ஊட்டா சரியில்லக்கா."

"ருசி இல்லியா?"

"ருசிய யாரு பாத்தா? சமைக்கிறது காலனிப் பொம்பள. கோலார் தங்கவயல்லேர்ந்து வந்தவளாம். நம்ம புள்ளைங்க எப்படிக்கா அத வாயில வைக்கும்?"

சொல்லிவிட்டுத் தமயந்தி போட்ட காபியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாள். "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதுக்கா" என்று பாராட்டிவிட்டும் போனாள்.

அந்தக் காலனிப் பொம்பள ஞானம்மாள், தமயந்தியின் கூடப்பிறந்த அக்கா. அம்மா போன பிறகு தங்கச்சிக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள்.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் ரங்கநாதன், "நீங்க எந்த ஜனம்?" என்று கேட்டார். தமயந்தியின் புருஷன் குணசேகர், "பூர்வீகம் ஆற்காட்டுப் பக்கம் சார்" என்றான். கேட்டவர் தமக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொண்டார். ஹாலில் மாட்டிய புத்தர் படத்தைப் பார்த்து, "எங்க மச்சினன் வீட்லயும் இருக்கு, மணி பிளான்ட் பக்கத்துல. ஹாலுக்கு ஒரு லுக்கு" என்றார். அது அவர்கள் கும்பிடுகிற படம். புருஷனும் பெண்டாட்டியும் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். "இந்தப் பக்கம் வராதக்கா" என்று அக்காவிடம் சொல்லப் போன தமயந்திதான் அழுதாள். அக்கா சரியென்று தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள்தான் காலனிக்குப் போய் அவளைப் பார்த்து வந்தார்கள்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த குணசேகரிடம் அன்று சாயங்காலம் சண்டை பிடித்துப் பார்த்தாள்.

"படிப்பு அங்கதான்யா நல்லாக்கீது."

"இருக்கட்டும். தெருவே அந்தாண்ட போவுது. நாம மட்டும் இந்தாண்ட போனா இன்னான்னு நினைப்பாங்க? எங்க அக்கா சமைக்குதுன்னு மைக் புடிச்சிச் சொல்லப் போறியா? காலி பண்ணச் சொன்னா எங்க போறது?"

அவன்மேல் கோபம் வந்தது. தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது. இரண்டும் வாடகை வீட்டுக்குள் அடங்கிப் போயின.

மறுநாள் தெருப் பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து ஏரிக்கரைப் பள்ளிக்குப் போனார்கள். யசோவைத் தன் மடியிலேயே உட்கார்த்திக்கொண்டு வந்தாள் ருக்மிணி. எல்லோருக்கும் அட்மிஷன் ஆனது. கிளம்பும்போது ருக்மிணி ஹெட்மிஸ்ட்ரஸிடம், "ஊட்டா யாரு மேடம் செய்றாங்க?" என்று நைசாகக் கேட்டாள்.

அந்த அம்மாள் கன்னடக்காரர், கலகலப்பாகவே தமிழில் சொன்னார்: "சந்தோஷமான விஷயம் கேட்டிங்க. மில் ஸ்கூல்ல புள்ளைங்க கம்மி ஆயிட்டாங்கன்னு அத நம்ம ஸ்கூலோட சேர்த்துட்டாங்க. திங்கக்கிழமைலேர்ந்து அங்க சமைக்கிற ஞானம்மாவும் இங்கதான். நானே கேட்டு வாங்கினேன். நல்ல கை!"

தெருப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யசோ மட்டும் துள்ளிக் குதித்தாள்.

"ஐ! பெரியம்மா இங்க வராங்களாம்மா!"

தெருவில் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. குழந்தைதானே, இது தெரு இல்லையே என்று நினைத்தாளோ என்னவோ.

யசோவின் தோளில் இருந்த ருக்மிணியின் கை மெல்ல விலகியது. "யாரு யசோ? எந்தப் பெரியம்மா?"

யசோ அம்மாவைப் பார்த்தாள். அவள் முகம் அழுகைக்குத் தயாரானது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு தமயந்தியால் பொய் சொல்ல முடியவில்லை.

"எங்க அக்கா" என்றாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் இவர்களுக்கு இடமில்லை. வரும்போது யசோ உட்கார்ந்த மடியில் ருக்மிணி தன் பையை வைத்துக்கொண்டாள். "ஹைவே பக்கம் வேற பிரைவேட் ஸ்கூல் இருக்காம்" என்று யாரோ சொல்வது காதில் விழ, ஆட்டோ கிளம்பிவிட்டது.

அம்மாவும் மகளும் வெயிலில் நடந்தார்கள். வழியில் மில் பள்ளி. மதியச் சாப்பாட்டு நேரம். வராந்தாவில் காலனிப் பிள்ளைகள் சிலர் மட்டும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற ஞானம்மாள் தங்கச்சியைக் கண்டு பதறிப்போனாள்.

"இன்னாம்மே, இங்க வந்துட்ட? யாரானும் பாத்தா?"

தமயந்தி செருப்பைக் கழற்றிவிட்டு யசோவோடு பந்தியில் உட்கார்ந்தாள். பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், வீட்டுக்காரர் ரங்கநாதன். ஆட்டோ அதற்குள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"பசிக்குதுக்கா" என்றாள். "சோறு போடு."